நிழல் பார்த்தவள்

லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம், செம்பனை எண்ணெய் ஆலையை ஒட்டிய தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு அந்தோணிதாசுடையது. வெந்த பழக்குலையின் புளித்த வாடை எந்நேரமும் அந்த வீட்டைச் சுற்றி நிற்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். மார்த்தாவுக்கோ வாடை இல்லாத நாளில்தான் ஆலை நின்றுவிட்டதோ என்று மனசு பதறும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் புருஷன் அந்தோணிதாஸ் அங்கே இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். அவள் தோட்டத்து நாற்றங்காலில் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்புகிறவள்.

மற்ற வீட்டு வாசல் அஞ்சடிகளில் மோட்டார்சைக்கிளும் செருப்பும் கிடக்கும். இவர்கள் அஞ்சடியில் இடுப்புயரத் தகர டிரம் ஒன்று, ஆடாமலிருக்க வயிறு நிறைய மணலோடு நின்றது. அதன் தலையில் ஒரு வட்டக் கண்ணாடி, அதற்கு மேல் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் தண்ணீரும் தேய்க்கிற பொடியும். அந்தோணிதாஸ் வேலை விட்டு வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்ததும் அங்கே போய் நிற்பார். மேல் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுவார். பிறகு ஒரு எட்டு நகர்ந்து மறுபடி தள்ளுவார். இப்படியே டிரம்மைச் சுற்றி வருவார். அந்தோணி செக்காட்டுகிறார் என்று லயத்தில் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எண்ணெய் வேணுமா என்று கேட்பார்.

அந்தச் செக்கில் வந்தது தொலைநோக்கி. தேய்க்கத் தேய்க்க மேல் கண்ணாடி நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு குழியும். அதன் முகத்தில் அலுமினியம் பூசிவிட்டால், அந்தக் குழி ஆகாயத்து வெளிச்சத்தை அள்ளி ஒரு புள்ளியில் சேர்த்துவிடும். குழி சரியாக அமைந்தால் சனிக்கிரகத்தின் வளையம் தெரியும். தப்பினால் கஞ்சி வடிந்த மாதிரி ஒரு மங்கல்தான்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது வாலிப வயதில். போர்டிக்சன் ராணுவ முகாமிலிருந்து ஜமாலுடின் என்ற மலாய்க்கார சிப்பாய் ஒருவர், பைனாகுலரை நிறுத்த மூன்று கால் தாங்கி ஒன்று பற்றவைத்துத் தரச்சொல்லி ஆலைக்கு வந்தார். நோன்புப் பிறை பார்க்கிற குடும்பத்துப் பிள்ளை அவர். அந்த வாரமே கடற்கரையில் இவருக்கு வியாழனின் நிலாக்களைக் காட்டினார். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் தொலைநோக்கி வேண்டுமென்றால் ஜப்பானிலிருந்து கப்பலில் வரவேண்டும். வாங்கக்கூடியவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, பார்க்க ஆசைப்பட்டவர்களால் வாங்க முடியவில்லை. கண்ணாடி தேய்ப்பதைச் சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் சில பக்கங்களை ஜமாலுடின் எங்கிருந்தோ நகலெடுத்துக் கொடுக்க, அந்தோணிதாஸ் அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். வால்வு தேய்க்கும் பொடி ஆலையிலேயே இருந்தது. கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து தடித்த சன்னல் கண்ணாடி கிடைத்தது. மெருகு போடும் இளஞ்சிவப்புப் பொடியை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரச் சீனர் கொடுத்தார். மெருகுக்குத் தேவையான பிசினை குங்கிலியத்தோடு விளக்கெண்ணெய் சேர்த்து மார்த்தாவின் சட்டியிலேயே காய்ச்சினார். சட்டி போனது.

கடற்கரையில் இரண்டு பேராக நின்றவர்கள் பத்தாகி, நூறாகி, போர்டிக்சன் வானோக்கர் குழு என்று பேர் வைத்துக்கொண்டார்கள். லாபு தமிழ்ப்பள்ளிக்கு அந்தோணிதாஸ் ஒரு தொலைநோக்கி செய்து கொடுத்தார். சீனப்பள்ளிக்கு ஒன்று. கடலோர சமயப் பள்ளிக்கு ஒன்று, அங்கே பிறை பார்க்க. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்யும் ஹேமநாதன் குழுவின் செயலாளர். கூடியும் குறைந்தும் மினுங்குகிற விண்மீன்களின் வெளிச்சத்தைக் கணித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது அந்த விண்மீனை யார் பார்ப்பது, அந்த நேரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டுமே என்று அவன் சொல்லும்போது மார்த்தாவுக்கு அது ஆலையின் ஷிப்ட் மாதிரிப் படும்.

அவள் எல்லாவற்றையும் கேட்பாள். தொலைநோக்கியில் கண் வைக்கச் சொன்னால் வைத்து, அழகா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விடுவாள். அவளுக்கு வானம் என்பது மழை வருமா வராதா என்கிற அளவுதான்.

கொரோனா வந்த வருஷம், டிசம்பரில் வியாழனும் சனியும் ஒட்டினாற்போல் நிற்கப்போகின்றன என்ற செய்தி வந்தது. தொலைநோக்கியின் ஒரே வட்டத்துக்குள் இரண்டையும் பார்க்கலாம். அப்படி ஒரு நெருக்கம் நம் ஆயுசில் மறுபடி வராது என்று ஹேமநாதன் சொன்னான். அதற்காக எட்டு அங்குலக் கண்ணாடி ஒன்று வேண்டும் என்று கேட்டான். அந்தோணிதாஸ் ஒத்துக்கொண்டார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைச் சோதிக்க, நடைக்கூடத்துச் சன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கி வைத்திருந்தார். ஒரு கோடியில் தாங்கியில் கண்ணாடி நிற்கும். மறு கோடியில் டார்ச் விளக்கை ஈயத்தாளால் மூடி, மெல்லிய கீறல் போட்டு வைத்திருப்பார். கீறலில் கிளம்பும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். திரும்புகிற இடத்தில் சவர பிளேடை மெதுவாகக் குறுக்கே நகர்த்தி, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், கண்ணாடியின் மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் அந்த நிழல் காட்டிக் கொடுத்துவிடும்.

பிளேடு எடுக்க அவர் பின்கட்டுக்குப் போன சமயம், கூரைத் தகரம் ஒழுகித் தாங்கியின் பக்கத்தில் சொட்டியது. மார்த்தா ஓடிப்போய் கண்ணாடியைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள். அதற்குள் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். கைப்பேசி அடித்தது. ஹேமநாதன்தான். அந்தோணிதாஸ் பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்துக்கொண்டே பேசினார்.

"நிழல் நல்லாதான் வருது, தம்பி. ஒரே சீரா இருக்கு. கொஞ்ச நாள் கொடு, முடிச்சிடலாம்."

மார்த்தா கண்ணாடியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். ஒழுகுகிற தண்ணீர் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. தாங்கியில் ஒன்றுமே இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார். சுவரைத் தடவுகிறாரே என்பது அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது கேட்டாள்.

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"கண்ணாடி என் கையில இருந்துச்சு. நீங்க வெறும் தாங்கியப் பாத்து நல்லா வருதுன்னு சொன்னீங்க."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். நெத்திலிச் சம்பலை ஒரு விரலால் தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வருஷ ஆரம்பத்திலேயே கண்ணில் கறுப்பு நூல் மாதிரி மிதந்ததாம். அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி; அதற்காகக் கண் சோதனைக்குத் தேதி இருந்தது. ஊரடங்கில் அது தள்ளிப்போனது. பிறகு அவரும் கேட்கவில்லை. ஒருநாள் இடது கண்ணில் சிவப்பாய்த் திரை விழுந்தது. ஆலையில் ஸ்பேனரைக் கைப்பழக்கத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"அந்த மெஷின்ல கை போயிருந்தா என்ன செய்வீங்க?" என்றாள். "என்கிட்ட சொல்ல என்ன?"

"சொன்னா ஆலைக்கு விடமாட்ட. கண்ணாடியையும் எடுத்து வச்சிடுவ."

அவள் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு இனி வழியில்லை என்றார்கள். வலது கண்ணில் மிச்சமிருப்பதை லேசர் அடித்து நிறுத்திப் பார்க்கலாம், வெளிச்சமும் உருவமும் தெரியும், எழுத்து தெரியாது என்றார்கள். ஆலையில் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனாலும் வேலை போயிற்று. நீலாயில் இருக்கும் மகள் குளோரியா தினம் போன் போட்டாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு பிளாட்டுக்கு வந்துவிடுங்கள், இந்தக் கண்ணாடி எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அழுதாள்.

ஹேமநாதன் முகக்கவசத்தோடு வந்து அஞ்சடியில் உட்கார்ந்தான். அந்தோணிதாஸ் கண்ணாடியை எடுத்துப்போகச் சொன்னார். கோலாலம்பூரில் தேய்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறார், அவர் முடித்துவிடுவார், நேரம் இருக்கிறது என்றார். குரலில் பிசிறே இல்லை. ஆனால் மடியில் கிடந்த அவருடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. முன்னும் பின்னும், அதே தாளத்தில். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கைகள் அப்படித்தான் இருந்தன. மார்த்தாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தேய்க்கிறதுக்குக் கண்ணு வேணுமா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"தேய்க்கக் கண்ணு வேணாம்," என்றார் அந்தோணிதாஸ். "கையும் காதும் போதும். நிழல் பாக்கத்தான் கண்ணு."

"அப்ப நான் பாக்குறேன். நீங்க தேயுங்க."

அதெல்லாம் லேசில் வராது, எனக்கே வருஷக்கணக்கில் ஆனது என்று அவர் சொன்னார். வராவிட்டால் கோலாலம்பூருக்குக் கொடுத்துக்கொள்ளலாம், கண்ணாடி ஓடியா போகிறது என்று அவள் சொன்னாள். ஹேமநாதன் வெறுங்கையோடு எழுந்து போனான்.

முதல் நாள் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் ஒரு வெளிச்ச வட்டம், பிளேடை நகர்த்தினால் பட்டென்று அணைந்துபோயிற்று. மூச்சு விட்டாலும் ஆடியது. நாற்றங்காலில் நாளெல்லாம் குனிந்த முதுகு இங்கேயும் குனிந்தது. மெதுவா, இன்னும் மெதுவா லா, தேங்காப்பால்ல உப்புப் போடுற மாதிரி என்று அவர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சாயங்காலம் பிளேடு பாதி வெளிச்சத்தில் நின்றபோது, கண்ணாடி முகம் திடீரென்று உப்பி எழுந்தது. தட்டையான கண்ணாடியில் மேடும் பள்ளமும். அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஆப்பம் மாதிரி இருக்குங்க. நடுவுல தடிப்பா, ஓரம் மெல்லிசா."

அந்தோணிதாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "எந்தப் பக்கம் நிழல்? வலது பக்கமா?"

"வலது பக்கம் கறுப்பு. இடது பக்கம் வெள்ள."

அவர் சிரித்தார். கண் போனதிலிருந்து அவர் சிரித்து அவள் கேட்டது அன்றைக்குத்தான். "நடுவுல மேடு இருக்கு. அத எடுக்கணும்."

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் தனியாக ஒரு பேச்சு உண்டானது. ஆப்பம் என்றால் நடு மேடு. தோசை என்றால் எல்லாம் ஒரே மட்டம். உளுந்து வடை என்றால் நடுவில் பள்ளம், சுற்றி மேடு. கடைசியில் வரவேண்டியது வடைதான், அதுவும் ஓரம் வழவழவென்று இறங்குகிற வடை என்று அவர் சொன்னார். அவள் வேலை விட்டு வந்ததும் அவர் டிரம்மைச் சுற்ற ஆரம்பிப்பார். மழை தகரத்தில் அடிக்கும். ஆலைச் சங்கு ஊதும். அவர் கண்ணை மூடிக்கொண்டே சுற்றுவார். கண்ணாடி பிசினில் இழுக்கிற சத்தத்தை வைத்தே எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று சொல்லிவிடுவார். அவர் கால் பழைய தடத்திலேயே விழும், ஒருமுறைகூட இடறியதில்லை. வெறும் பிடிவாதம் என்று அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்த வேலைக்குள் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தாள். இந்த மனுஷன் ஆலையிலும் இப்படித்தான் வேலை செய்திருப்பார் என்று தோன்றியது.

நவம்பர் கடைசியில் தப்பு நடந்தது. தேய்த்து முடித்த சூட்டோடு அவள் கண்ணாடியைத் தாங்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, நடுவில் இன்னும் மேடு என்றாள். அவர் தேய்த்தார். மறுபடி பார்த்துவிட்டு, மேடு போகவில்லை என்றாள். அவருக்குச் சந்தேகம். சரியாகப் பார் என்றார். கண் இருக்கிறவள் நான்தானே என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் தேய்த்தார். மறுநாள் காலையில் குளிர்ந்த கண்ணாடியைப் பார்த்தபோது நடுவில் கிணறு மாதிரிக் குழி. மேடே இல்லை. கைச் சூட்டிலும் தேய்த்த சூட்டிலும் கண்ணாடி உப்பியிருந்ததைத்தான் அவள் மேடென்று பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு அழுகை வந்தது. குழிக்காகவும் அழுதாள், சொன்ன சொல்லுக்காகவும் அழுதாள்.

அந்தோணிதாஸ் கண்ணாடியின் முகத்தை உள்ளங்கையால் மூடினார். "சூடு ஆறாம பாக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும். என் தப்பு. நான் மொத மொத செஞ்சதுல இத மாதிரி மூணு தடவ ஆச்சு. பழையபடி தோசையாக்கிட்டு அங்கேருந்து வருவோம்."

"நாள் இல்லீங்களே."

"இருக்கு. நீ காலையில பாரு, நான் பகல்ல தேய்க்கிறேன். நீ வந்து சாயங்காலம் ஆறவிட்டுப் பாரு."

அப்படியே செய்தார்கள். விடியுமுன் எழுந்து நிழல் பார்த்து, எங்கே எவ்வளவு என்று சொல்லிவிட்டு அவள் தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு ஓடுவாள். பகலில் தனியாக அவர் சுற்றுவார். தோசையாயிற்று. தோசை மெல்ல வடையாயிற்று. ஒரு காலையில் பிளேடை நகர்த்தியபோது, ஓரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், பாலில் நிழல் விழுந்த மாதிரி வளைவு வழிந்து இறங்கியது. அவள் ரொம்ப நேரம் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள்.

"போதும்," என்றாள் கடைசியில். "இதுக்கு மேல கை வைக்காதீங்க."

ஊரடங்கு தளர்ந்து மாநில எல்லை திறந்ததும் ஹேமநாதன் அதைக் கிள்ளானுக்குக் கொண்டுபோனான். கார் விளக்குக்கு உள்பூச்சுப் போடுகிற பட்டறை ஒன்றில், குழுவுக்கு வேண்டியவர் ஒருவர் மதிய ஓய்வு நேரத்தில் அலுமினியம் பூசிக் கொடுத்தார். ஜமாலுடின் அதைக் குழலில் பொருத்தி, பலகையில் தாங்கி செய்தார். இப்போது அவருக்குத் தாடியெல்லாம் வெள்ளை.

அந்த நாள் வந்தது. பழைய செம்பனை வெட்டிச் சாய்த்து, கன்று நட்டிருந்த குன்றுச் சரிவில் மேற்குப் பக்கம் திறந்து கிடந்தது. மத்தியானம் முழுக்க மழை. மார்த்தா வாழ்க்கையில் முதல் தடவையாக வானத்துக்காக ஜெபம் பண்ணினாள். சாயங்காலம் மேகம் ஆற்றுப் பக்கமாக ஒதுங்கியது. பொழுது சாய்ந்ததும், செம்மண் சகதியில் கால் வைக்கப் பலகை போட்டு, லயத்து ஜனங்கள் இடைவெளி விட்டு வரிசை நின்றார்கள். லாபு பள்ளி வாத்தியார்கள் வந்தார்கள், சீனக் கடைக்காரர் மகனோடு வந்தார். குளோரியாவும் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேற்கில், ஆரஞ்சு நிறம் இன்னும் அணையாத இடத்தில், இரண்டு விண்மீன் ஒட்டிக்கொண்டாற்போல ஒரு வெளிச்சம்.

கண்ணாடி செய்தவர்தான் முதலில் பார்க்கவேண்டும் என்றார் ஜமாலுடின், தனக்குத் தெரிந்த தமிழில். அந்தோணிதாஸ் தலையாட்டி மார்த்தாவை முன்னே தள்ளினார்.

அவள் கண்ணை வைத்தாள். சிறிய வட்டத்துக்குள் வியாழன், குறுக்கே இரண்டு பட்டையோடு. அதன் பக்கத்தில் ஒரே கோட்டில் நிலாக்கள். அதே வட்டத்தின் இன்னொரு ஓரத்தில் சனி, சாய்ந்த வளையத்தோடு. அழகா இருக்கு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"வளையம் தனியா தெரியுதா?" என்று அவர் அவள் காதருகே கேட்டார். "வளையத்துக்கும் உருண்டைக்கும் நடுவுல?"

"இருக்கு. ரெண்டு பக்கமும் கறுப்பா எடம் விட்டு இருக்கு. வெட்டி வச்ச மாதிரி."

அவர் மூச்சை விட்டார். பிறகு, தானும் ஒருதரம் கண்ணை வைக்கிறேன் என்றார். குளோரியா அம்மாவைப் பார்த்தாள். மார்த்தா அவருடைய தலையைப் பிடித்து வலது கண்ணைத் தொலைநோக்கியின் பார்க்கிற துளைக்கு நேராக வைத்தாள்.

பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் குழல் நின்ற இடத்திலேயே நின்றால் கிரகங்கள் கொஞ்ச நேரத்தில் வட்டத்தை விட்டு வெளியே நகர்ந்துவிடும். அது அவளுக்கு இப்போது தெரியும். குழலின் பக்கத்தில் குறிபார்ப்பதற்காக இருந்த சின்னத் துளைநோக்கியில் தன் கண்ணை வைத்து, ஒற்றை விரலால் குழலை மெல்லத் தள்ளினாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தள்ளினாள். அவருக்கு என்ன தெரிந்தது என்று அவளுக்குத் தெரியாது. இமைக்காமல் குனிந்திருந்தார். வரிசையில் ஒருவரும் முனகவில்லை. கிரகங்களோ இறங்கிக்கொண்டிருந்தன, இன்னும் இத்தனை பேர் பார்க்க வேண்டும். ஆனாலும் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. சகதியில் நின்ற லயத்து ஜனம் முழுக்க அவருக்காக நின்றது.

மார்த்தா விரலை எடுக்கவே இல்லை. இரண்டும் அவர் கண்ணை விட்டுப் போகாதபடி, அவர் தானாக நிமிர்கிற வரைக்கும் தள்ளிக்கொண்டே இருந்தாள்.